நல்ல டீச்சர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாலக்காட்டு எல்லைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கம் தமிழ் மீடியம் வகுப்புகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்கு அப்புறம்தான் கேள்விகள் கூடிவிட்டன. பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, கல்யாணப் பந்தி என்று எங்கே பார்த்தாலும் பெற்றோர் கேட்பது ஏறக்குறைய ஒன்றேதான்: பிள்ளைக்கு வந்திருக்கிற டீச்சர் நல்லவங்களா? பந்தியில் பாயசம் வருவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடியாத கேள்வி இது. அதனால் எழுதிவைத்துவிடுகிறேன். ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவை மனதில் வைத்து எழுதியது. வேறு ஊர்க்காரர்களும் படிக்கலாம்.

எங்கள் பிள்ளையின் டீச்சர் நல்லவரா என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

தையல்காரர் தைத்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தென்னம்பிள்ளை வைத்தவனுக்குக்கூட ஐந்தாறு வருடத்தில் காய் தெரிந்துவிடும். ஆசிரியர் வேலை நடப்பது இன்னொருவர் தலைக்குள். அதுவும் ஒரே ஆள் செய்கிற வேலை இல்லை. போன வருட டீச்சர், வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் அம்மா, டியூஷன் சார், பக்கத்து பெஞ்சுப் பையன் என்று பல கை படுகிறது. அதனால் ஒரு மாதத்தில் தீர்ப்புச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ஆனாலும் வீட்டிலிருந்தபடியே பார்க்க ஒரு வழி இருக்கிறது. சாயங்காலம் பிள்ளையிடம் "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்காதீர்கள். "ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு கிளாஸ்ல யாராவது தப்பாப் பதில் சொன்னாங்களா? டீச்சர் என்ன செஞ்சாங்க?" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு அடுத்தவன் தப்பு என்றால் கதை சொல்ல இனிக்கும். இரண்டு வாரம் கேட்டுப் பாருங்கள்.

"திட்டினாங்க" என்று வந்தால் உங்களுக்கே புரியும். அதிகம் வருவது "அடுத்த பையனைக் கேட்டாங்க" என்ற பதில். இது கெட்ட டீச்சருக்கு அடையாளம் இல்லை. 40 நிமிடப் பீரியடில் பாடம் முடிய வேண்டுமே. "ஏன் அப்படி நினைச்சேன்னு கேட்டாங்க", "அவன் சொன்னதை போர்டுல எழுதி எங்களையெல்லாம் பார்க்கச் சொன்னாங்க" என்று வாரத்துக்கு இரண்டு தடவை வந்தாலே போதும், அந்த டீச்சரை விட்டுவிடாதீர்கள். "யாரும் தப்பே சொல்லலை" என்று இரண்டு வாரமும் வந்தால்தான் எனக்குக் கவலை வரும். அந்த வகுப்பில் யாரும் வாயே திறப்பதில்லை என்று அர்த்தம்.

தப்பான பதிலில் அப்படி என்ன இருக்கிறது?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலையில் சேர்ந்த முதல் வருடம் தசம எண் நடத்தினேன். கையெழுத்து அழகு, குரல் கணீர், பாடக்குறிப்பில் ஒரு குறை இல்லை. பரீட்சையில் 0.35 பெரிதா 0.8 பெரிதா என்று ஒரு கேள்வி. பாதி வகுப்பு 0.35 என்று எழுதியிருந்தது. நான் அதே பாடத்தை இன்னும் சத்தமாக ஒரு முறை நடத்தினேன். அதே விடைதான் திரும்பி வந்தது.

பக்கத்து வகுப்பில் இருந்த டீச்சர் என்னைவிடக் குறைவாகப் படித்தவர். நோட்டை வாங்கிப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "ஏன் கண்ணு இதைப் பெரிசுன்னு சொன்னே?" என்றார். "முப்பத்தஞ்சு எட்டைவிடப் பெரிசுதானே டீச்சர்" என்றாள். அவ்வளவுதான் விஷயம். அவளுக்குத் தசமப்புள்ளி என்பது நடுவில் போட்ட ஒரு பொட்டு. அதற்கு வலது பக்கம் இருப்பதைச் சாதாரண எண்ணாகவே படித்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு வாரம் நடத்தியதில் ஒரு வார்த்தைகூட அந்த இடத்தைத் தொடவில்லை.

டீச்சர் ரூபாய்க் கணக்கில் மாற்றிக் கேட்டார்: 0.8 ரூபாய் எத்தனை பைசா? 80. அப்புறம் அவளே சிரித்துவிட்டாள். நான் அந்த வித்தையைப் பிடித்துக்கொண்டு எல்லா வகுப்பிலும் பைசா பைசா என்று நடத்தினேன். 0.125 வந்ததும் வண்டி நின்றுவிட்டது. பைசாவில் மூன்றாம் இடம் கிடையாதே. மறுபடியும் அவரிடமே போனேன். "அதுக்கு ஸ்கேல் எடுங்க சார், மீட்டர் ஸ்கேல்" என்றார். மீட்டரில் மூன்றாம் இடம் மில்லிமீட்டர். இப்போதைய பிள்ளைகளுக்குப் பைசாவும் தெரியாது, அது வேறு கதை.

இப்படி ஒவ்வொரு பாடத்திலும் தெரிந்த பள்ளங்கள் உண்டு. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவாக இல்லை. எப்போதும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று ஒரு விதியைத் தானே உண்டாக்கி, அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்பதும் அப்படித்தான்: மேலே மேலே, கீழே கீழே கூட்டிவிடுகிறது. அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டியும் விடை அரையைவிடக் குறைந்துபோனதே என்று டீச்சர் கேட்டால் பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போடும்.

அறிவியலிலும் உண்டு. தென்னை மரத்தின் அத்தனை பெரிய உடம்புக்கு வேண்டிய பொருள் எங்கிருந்து வந்தது என்று இங்கே எந்தப் பிள்ளையையும் கேளுங்கள், "மண்ணிலிருந்து" என்றுதான் வரும். தோப்பு வைத்திருக்கும் அப்பாவும் அதையே சொல்வார். மரத்தின் காய்ந்த எடையில் பெரும்பகுதி காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து உண்டானது. மண்ணிலிருந்து வருவது கொஞ்சம். ஒளிச்சேர்க்கைக்குச் சமன்பாடு எழுதி முழு மார்க் வாங்கிய பிள்ளையும் மறுநாள் "மண்ணிலிருந்து" என்று சொல்லும். அதை எதிர்பார்த்துக் காத்திருந்து கேட்கிற டீச்சரைத்தான் நான் தேடச் சொல்கிறேன்.

நன்றாகப் படித்தவர் நன்றாகச் சொல்லிக்கொடுக்க மாட்டாரா?

பாடம் தெரியாமல் சொல்லிக்கொடுக்க முடியாது. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பாடம் தெரிவது ஒரு அறிவு, அந்தப் பாடத்தில் பிள்ளை எங்கே தடுக்கி விழும், எந்த உதாரணம் தூக்கிவிடும் என்று தெரிவது இன்னொரு அறிவு. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இல் இந்த இரண்டாவது அறிவுக்குத் தனிப் பெயரே வைத்தார். அந்தப் பக்கத்து வகுப்பு டீச்சருக்கு ஷுல்மனைத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

கெட்டிக்காரர்களுக்கு இதில் ஒரு தொந்தரவு உண்டு. தான் தடுக்கி விழாத இடத்தில் அடுத்தவன் ஏன் விழுகிறான் என்று அவர்களுக்குப் புரிவதில்லை. எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு என்று போர்டில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

எங்கள் பள்ளி 100 சதவீத ரிசல்ட். அது போதாதா?

மே மாதம் வந்தால் கொழிஞ்சாம்பாறை ஜங்ஷனில் ஃபிளெக்ஸ் போர்டு வைக்க இடம் கிடைக்காது. கேரள எஸ்.எஸ்.எல்.சி. மாநிலத் தேர்ச்சி 2023இல் 99.70 சதவீதம், 2024இல் 99.69, 2025இல் 99.5. மாநிலமே கிட்டத்தட்ட நூறு என்றால் உங்கள் பள்ளி நூறு வாங்கியதில் டீச்சரைப் பற்றி என்ன தெரிகிறது? ஒன்றும் தெரியவில்லை.

எல்லைக்காரர்களுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. அண்ணன் மகன் பொள்ளாச்சிப் பக்கம் தமிழ்நாட்டுப் பள்ளியில், தம்பி மகன் இங்கே. ஓணத்துக்கோ பொங்கலுக்கோ கூடினால் ஒப்பீடு தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2024இல் 91.55 சதவீதம். அங்கே மார்க், இங்கே கிரேடு. பாடத்திட்டம் வேறு, திருத்தும் முறை வேறு. இரண்டையும் வைத்து "அந்தப் பக்கத்து டீச்சர்தான் கண்டிப்பு" என்று முடிவு கட்டுவது பனையையும் தென்னையையும் உயரத்தில் ஒப்பிடுவது மாதிரி.

ஃபுல் ஏ பிளஸ் (எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் கிரேடு) எண்ணிக்கையில் கொஞ்சம் விஷயம் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் சேரும்போதே எப்படி இருந்தார்கள் என்று போர்டில் போடுவதில்லை.

சேரும்போது இருந்த மார்க்கையும் முடிக்கும்போது வாங்கிய மார்க்கையும் கழித்து டீச்சரை அளக்கலாமே?

நல்ல கேள்வி. அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பழைய மார்க்கை வைத்து இவ்வளவு வரும் என்று ஒரு எதிர்பார்ப்பு, அதற்கு மேல் வந்தது டீச்சர் கொடுத்தது என்று கணக்கு. கேட்க நியாயமாக இருக்கிறது. 2014இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் ஓர் எச்சரிக்கை அறிக்கை விட்டது: பெரும்பாலான ஆய்வுகளின்படி மாணவர் மார்க்கில் இருக்கும் வேறுபாட்டில் ஆசிரியர்களால் வருவது 1 முதல் 14 சதவீதம் வரைதான். கணக்குக்காரன் என்ற முறையில் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நம் பக்கம் சில வகுப்புகளில் 22 பிள்ளைகள்தான் இருப்பார்கள். அதில் மூன்று பேர் மாம்பழ சீசனில் அப்பா அம்மாவோடு முதலமடைத் தோப்புக்குப் போய்விட்டால் சராசரி எங்கேயோ போய்விடும். அதை டீச்சர் தலையில் கட்ட முடியுமா?

இன்னொரு ஆய்வுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் 2010இல் வெளியிட்டது. அமெரிக்க விமானப்படை அகாடமியில் எந்த மாணவன் எந்த ஆசிரியரிடம் போவான் என்பதைக் குலுக்கல் மாதிரிதான் முடிவு செய்வார்கள். எல்லாருக்கும் ஒரே பரீட்சை. அதனால் ஆசிரியரால் வரும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நுண்கணிதப் பாடத்தில், அனுபவம் குறைந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பரீட்சையில் அதிக மார்க் வாங்கினார்கள், ஆசிரியருக்கு நல்ல சான்றிதழும் கொடுத்தார்கள். அனுபவசாலிகளிடம் படித்தவர்கள் அந்தப் பரீட்சையில் கொஞ்சம் பின்தங்கினார்கள், ஆனால் அடுத்தடுத்து வந்த மேல்படிக் கணக்குப் பாடங்களில் அவர்கள்தான் முன்னால் போனார்கள். பரீட்சைக்கு வேண்டியதை மட்டும் ஊட்டினால் இந்த வருட மார்க் ஏறும், அடுத்த வருடம் அடி வாங்கும் என்று இதை நான் படிக்கிறேன். எட்டாம் வகுப்புச் சார் மோசம் என்று பெற்றோர் சொல்லிக்கொண்டிருந்து, அந்த பேட்ச் பிளஸ் டூவில் நன்றாக வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆந்திரத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் நூற்றுக்கணக்கான அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். பிள்ளைகளின் மார்க் எவ்வளவு முன்னேறியதோ அதற்குத் தகுந்தபடி சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு போனஸ். இரண்டு வருடத்தில் அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்றவர்களைவிட மேலே வந்தார்கள். போனஸ் இல்லாத பாடங்களிலும் குறையவில்லை. வேடிக்கை என்னவென்றால் ஆசிரியர்கள் லீவு போடுவது குறையவில்லை. வந்த நாளில் கூடுதலாக வீட்டுப்பாடம், கூடுதல் வகுப்பு, மாதிரிப் பரீட்சை என்று உழைத்தார்கள். ஆக, மார்க்கை வைத்துத் தூண்டினால் உழைப்பு கூடும். பிள்ளையின் தலைக்குள் பார்க்கிற கண் அதனால் வருமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

கே-டெட் தேறியவர் என்றால் நம்பலாமா?

குறைந்தபட்சத் தகுதி என்று நம்பலாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி வந்த கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு இது. 150 கேள்விகள், பொதுப் பிரிவுக்கு 90 வாங்க வேண்டும். எல்லாம் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், பணியில் ஐந்து வருடத்துக்கு மேல் மீதம் உள்ள ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் இந்தத் தகுதித் தேர்வைத் தேற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னபோது ஸ்டாஃப் ரூம்களில் பெரிய கலக்கம். இருபது வருடம் நடத்தியவரை மறுபடியும் பரீட்சை ஹாலில் உட்காரவைப்பதா என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் பாடமே தெரியாதவர் சிலர் நுழைந்துவிடுகிறார்கள் என்பதும் பொய் இல்லை. லைசென்ஸ் இல்லாதவன் பஸ் ஓட்டக் கூடாது, லைசென்ஸ் இருப்பவன் எல்லாம் நெல்லியாம்பதி வளைவில் ஓட்டிவிடவும் முடியாது.

வகுப்பு சத்தமில்லாமல் இருந்தால் நல்ல வகுப்புதானே?

ஹெட்மாஸ்டர் வராந்தாவில் நடந்து போகும்போது நல்ல வகுப்பு. அதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியாது.

அடிக்காத வாத்தியாரிடம் பிள்ளை படிக்குமா?

படிக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மன உளைச்சல் கொடுப்பதையும் தடை செய்கிறது, அது ஒரு பக்கம். அடிக்குப் பயந்த பிள்ளை தப்பை மறைக்கும். பக்கத்து நோட்டைப் பார்த்துச் சரியான விடையை எழுதிவிடும். அப்புறம் அது எங்கே தடுக்கியது என்று டீச்சர் எப்படிக் கண்டுபிடிப்பார்? "நாலு போடுங்க சார்" என்று என்னிடம் சொன்ன அப்பாக்கள் எத்தனையோ பேர். அன்பாகத்தான் சொன்னார்கள்.

எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. பிள்ளை மலையாள மீடியம். நான் எப்படிப் பார்ப்பது?

நம் பக்கம் இது பெரிய கூட்டம். நோட்டைத் திறந்தால் எழுத்தே புரியாது, ஆனால் மேலே சொன்ன கேள்வியைத் தமிழில் கேட்கலாம், பிள்ளை தமிழில்தான் பதில் சொல்லும். இன்னொன்றும் செய்யலாம். படித்ததைத் தமிழில் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் என்றால் மொழி மாற்றும்போது உடைந்துவிடும். புரிந்தது என்றால் தட்டுத் தடுமாறியாவது வந்து சேரும். மலையாளம் தெரிந்த பெற்றோருக்குக் கிடைக்காத வசதி இது.

மொழி டீச்சரிடம் கவனிக்க வேண்டியது வேறு. தமிழ் வீட்டுப் பிள்ளை மலையாளத்தில் செய்யும் தப்புகள் மலையாள வீட்டுப் பிள்ளை செய்யும் தப்புகள் இல்லை. நமக்கு வெள்ளம் என்றால் ஆறு கரை புரள்வது, அவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர். நமக்கு அவசரம் என்றால் ஓட்டம், அவர்களுக்கு அவசரம் என்பது வாய்ப்பு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக அவசரம் என்று ஒரு பையன் மலையாளத்தில் எழுதிவைத்தால், படிக்கிறவருக்கு ஏதோ அதிர்ஷ்டம் அடித்த மாதிரி இருக்கும். சிவப்பு மையில் சுழித்துவிடுகிற டீச்சரும் உண்டு. "உங்க வீட்டில் இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டு, இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுகிற டீச்சரும் உண்டு. இரண்டாமவருக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

எந்த மீடியம் நல்லது என்ற கேள்வியை இங்கே நான் எடுக்கவில்லை. அதை எடுத்தால் இந்தப் பக்கம் முடியாது.

நம் பழைய நூல்களில் இதற்கு வழி சொல்லவில்லையா?

சொல்லியிருக்கிறது, அதுவும் நம் தோப்பிலிருந்தே. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் நல்ல ஆசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கு உவமை. ஆகாத ஆசிரியருக்கும் நான்கு: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. கழற்காயைக் குடத்தில் போட்ட வரிசையில் திரும்ப எடுக்க முடியாது, படித்த வரிசை குழம்பிக் கொட்டுகிறவர் அப்படி. மட்டை மூடிய பனையில் நாமாக ஏறிப் பறிக்க முடியாது, அதுவாக விழுந்தால்தான் உண்டு. பருத்தி அடைத்த சின்ன வாய்ப் பாத்திரத்தில் அடைப்பதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டம். வளைந்த தென்னை ஒருவர் வீட்டுத் தண்ணீரைக் குடித்து அடுத்த வீட்டில் காய் போடும்.

எண்ணூறு வருடத்துக்கு முன்னால் இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு. எட்டு உவமையும் ஆசிரியரிடமிருந்து என்ன வெளியே வருகிறது, எப்படி வருகிறது என்பதைச் சுற்றியே இருக்கின்றன. நிறைகோல் மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. அது எதையாவது தட்டில் வைத்தால்தானே நிறுக்கும்?

டியூஷன் சாரிடம்தான் பிள்ளை நன்றாகப் படிக்கிறது. அப்போது அவர்தானே நல்லவர்?

இருக்கலாம். டியூஷனில் எட்டுப் பேர், பள்ளியில் 35 பேர். எட்டுப் பேரில் ஒவ்வொருவரின் தப்பையும் பார்க்க முடியும். அது ஆளின் திறமையா, எண்ணிக்கையின் வசதியா என்று பிரிப்பது கஷ்டம்.

பள்ளியில் அரைகுறையாக நடத்திவிட்டு வீட்டுத் திண்ணையில் முழுசாக நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும். இதுதான் அசல் முடத்தெங்கு. கல்வி உரிமைச் சட்டம் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. அப்படிப்பட்டவர் திண்ணையில் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் நல்ல ஆசிரியர் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அனுபவம் உள்ளவர் வேண்டுமா, புதியவர் போதுமா?

முதல் சில வருடங்களில் எல்லாரும் வேகமாகத் தேறுகிறார்கள். என்னைப் பார்த்தீர்களே. அதற்கப்புறம் ஆளைப் பொறுத்தது. முப்பது வருட அனுபவம் சிலருக்கு ஒரு வருட அனுபவம் முப்பது தடவை. தினக்கூலியில் வரும் இளம் டீச்சர்களைப் பெற்றோர் மதிப்பதில்லை. அவர்களில் சிலர் அருமையாக நடத்துவார்கள். தேறி வரும்போது மார்ச் மாதம் முடிந்துவிடும், அடுத்த ஜூனில் வேறொருவர் வருவார்.

எங்கள் ஏய்டட் பள்ளிக்கு டீச்சர் எடுக்கிறோம். யாரை எடுப்பது என்று எப்படிப் பார்ப்பது?

கேரளத்தில் ஏய்டட் பள்ளி என்றால் நியமிப்பது மேனேஜர், சம்பளம் கொடுப்பது அரசாங்கம். இந்த நியமனத்தில் நடக்கும் மற்ற கொடுக்கல் வாங்கலைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. நேர்மையாகத் தேட நினைக்கும் மேனேஜர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

இன்டர்வியூவில் "குழந்தை உளவியல் அறிஞர் பியாஜே என்ன சொன்னார்?" என்று கேட்டால் பி.எட். கைடில் இருப்பது வரும். அதற்குப் பதில், ஓணப் பரீட்சையில் பிள்ளைகள் எழுதிய ஐந்து தப்பான விடைகளைப் பெயரை மறைத்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். பத்து நிமிடம் தனியாக உட்காரவையுங்கள். அப்புறம் இரண்டே கேள்வி: இந்தப் பிள்ளை என்ன நினைத்து இதை எழுதியிருக்கும்? நாளைக்கு இந்தப் பிள்ளையிடம் முதலில் என்ன கேட்பீர்கள்? "கவனமில்லை", "அடிப்படை இல்லை", "இன்னும் பயிற்சி வேண்டும்" என்று ஐந்துக்கும் ஒரே மருந்து எழுதுகிறவர் ஒரு வகை. ஐந்து தாளையும் மேஜையில் பரப்பி, "இது ரெண்டும் ஒரே தப்பு, இது வேற" என்று பிரிக்கத் தொடங்குகிறவர் இன்னொரு வகை. அப்படி ஒருவரைப் பார்த்தால் மார்க் ஷீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மாதிரி வகுப்பு வைத்தால் நிஜப் பிள்ளைகளை வைத்து நடத்துங்கள். கமிட்டிக்காரர்கள் பிள்ளைகளாக நடிப்பது வெறும் நாடகம். நீங்கள் பின் பெஞ்சில் பிள்ளைகளோடு உட்காருங்கள். போர்டைப் பார்க்காமல் பக்கத்தில் இருக்கும் நோட்டைப் பாருங்கள். டீச்சர் கேள்வி கேட்டதும் மனதுக்குள் எண்ணுங்கள். மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி அளவுதான். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்தவரிடம் தாவல், அல்லது தாமே பதில். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தால் பதில் நீளமாக வந்தது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்றால் சின்ன விஷயமாகத் தோன்றும். நாற்பது கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூன்று நொடி வாயை மூடிக்கொண்டு நின்று பாருங்கள், தெரியும்.

ஒரு தடவை பார்த்து, ஒருவர் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கேட்ஸ் அறக்கட்டளை 2009இலிருந்து மூன்று வருடம் அமெரிக்காவில் சுமார் 3,000 ஆசிரியர்களை வைத்து இதையே ஆராய்ந்தது. வகுப்பைப் பார்ப்பது, மாணவர் கருத்து, மார்க் முன்னேற்றம் மூன்றையும் சேர்த்தால்தான் அளவீடு ஓரளவு நிலையாக இருந்தது. ஒரே ஆள் பலமுறை பார்ப்பதைவிட வேறு வேறு ஆட்கள் பார்ப்பது மேல் என்றும் கண்டார்கள்.

நானே ஆசிரியர். நான் தேறுகிறேனா என்று எப்படித் தெரியும்?

போனை மேஜையில் வைத்து ஒரு பீரியடை ஒலிப்பதிவு செய்து ராத்திரி கேளுங்கள். முதல் தடவை கேட்க முடியாது, வெட்கமாக இருக்கும். இரண்டாம் தடவை உங்கள் நொடிகளை எண்ணுங்கள். நான் கடைசிப் பத்து வருடம் "தப்பு நோட்" என்று ஒன்று வைத்திருந்தேன். பிள்ளைகள் சொன்ன விசித்திரமான விடைகளை மட்டும் தேதி போட்டு எழுதுவேன். அடுத்த வருடம் அதே பாடம் தொடங்குமுன் அந்தப் பக்கத்தைப் புரட்டினால் போதும், பாடக்குறிப்பே வேண்டாம். ஆய்வுக்கு வருகிறவர்கள் பாடக்குறிப்பைத்தான் கேட்பார்கள் என்பதால் அதையும் எழுதினேன்.

டீச்சரிடம் நேரில் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

"நீங்க சரியா நடத்தறதில்லைன்னு சொல்றாங்களே" என்று தொடங்கினால் யாருக்கும் கோபம் வரும். பிள்ளையின் நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு தப்பைக் காட்டி, "இது எதனால டீச்சர் இப்படி வருது? வீட்டில் நாங்க என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். சில டீச்சர்கள் "எழுதிப் பழகச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். சிலர் நோட்டை வாங்கி, நான்கு பக்கம் பின்னால் புரட்டி, "அட, இங்கேயே தொடங்கியிருக்கு" என்பார்கள். கிளாஸ் பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் கூட்டம்) அன்று நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள், அன்று வேண்டாம். ஒரு சாதாரண நாள் நாலு மணிக்குப் போங்கள். ஜூன் முதல் வாரமும் போகாதீர்கள். ஆறாம் பிரவர்த்தி தினத்தில், அதாவது பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில், பிள்ளைகளின் தலைக்கணக்கு முடிகிற வரைக்கும், டிவிஷன் (வகுப்புப் பிரிவு) நிற்குமா போகுமா என்ற கவலையில் ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் நோட்டைப் பார்க்கிற மனநிலை இருக்காது.